நாலு நாளைக்கு ஒருமுறை

ஏப்ரல் 3, திங்கள்

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. இவருடைய விரிப்பு மூன்று, போர்வை இரண்டு, லுங்கிகள் எல்லாவற்றையும் துவைத்துப் போட்டேன். இவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது. முப்பது வருடக் குடித்தனத்தில் துவைத்ததைவிட இந்த ஒன்பது மாதத்தில் அதிகம் துவைத்திருப்பேன். பஸ்ஸில் கண்டக்டராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் காக்கிச் சட்டையைத் தொடவே விடமாட்டார். "நீ கசக்குனா காலர் போயிரும்" என்று தானே துவைத்துக்கொள்வார். இப்போது நான் விரிப்பை உருவும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

மதியம் பேரூராட்சி அலுவலகம் போனேன். ஆற்று உறைகிணற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாம். நாளை மறுநாள் அவசரக் கூட்டம்.

ஏப்ரல் 5, புதன்

கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மழை வரும்வரை பதினைந்து வார்டுக்கும் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தலைவர் என்கிற முறையில் நான்தான் தீர்மானத்தை வாசித்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

பதினோராவது வார்டு பொன்செல்வி மட்டும் எழுந்து, "எல்லாத் தெருவுக்குமா தலைவரம்மா?" என்று கேட்டாள்.

"எல்லாத் தெருவுக்கும்தாம்மா" என்றேன்.

இருபத்தொன்பது வயது. கேள்வி கேட்டுவிட்டு உட்காராமல் நிற்கும் பழக்கம் இருக்கிறது. மேட்டுத் தெரு அவளுடைய வார்டில்தான் வருகிறது. கல்யாணமாகி வந்து நானும் இவரும் பன்னிரண்டு வருடம் குடியிருந்த தெரு.

ஏப்ரல் 7, வெள்ளி

தண்ணீர் வந்தது. விரிப்புகளை முடித்துவிட்டு வீட்டையும் கழுவிவிட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். மேட்டுத் தெரு ஞானப்பூ வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வரும் என்று பத்து மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. போன வருடம் நான் பதவியேற்ற புதிதில் ஒரு தூக்குவாளி நிறைய அனுப்பியிருந்தாள்.

மேட்டுத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தது எண்பத்தொன்பதில். தெருமுக்கில் ஒரே ஒரு குழாய். நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லையோ அறுந்த செருப்பையோ வைத்துவிட்டுப் போவார்கள். அது தெரியாமல் முதல் நாள் நான் ஒரு கல்லைத் தள்ளிவிட்டுக் குடத்தை வைத்தேன். எலும்பும் தோலுமாக ஒருத்தி வந்து என் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தாள். "ஏட்டி புதுசு, அந்தக் கல்லு காலைல அஞ்சு மணிலேருந்து நிக்கி. நீ இப்பம்தான வந்த?" அவள்தான் ஞானப்பூ. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு வாரத்தில் அவள் இல்லாமல் வரிசைக்குப் போகமாட்டேன் என்றாகிவிட்டது.

குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசுவோம். மாமியார் கதை, சினிமாக் கதை, அவளே கட்டிவிடும் கதை. சிரித்துச் சிரித்து என் முறை வந்ததைக்கூடக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். எனக்குப் பிரசவ வலி எடுத்ததும் அந்த வரிசையில்தான். மூன்று மணி நேரம் நின்று அவள் முறை அப்போதுதான் வந்திருந்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

தொண்ணூற்றெட்டில் பதினெட்டு நாள் தண்ணீர் வராதபோது காலிக்குடங்களோடு மெயின்ரோட்டில் உட்கார்ந்தோம். முதலில் வந்து நின்ற பஸ் இவர் போன பஸ்! இறங்கி வந்து பார்த்தார். முன்வரிசையில் நான். திரும்பிப் போய், "எல்லாரும் எறங்கிக்கிடுங்க. இந்தம்மா உக்காந்தா எந்திரிக்காது, எனக்குத் தெரியும்" என்று பயணிகளிடம் சொன்னாராம். மதியம் தாசில்தார் வந்து இன்னும் இரண்டு குழாய் போட்டுத்தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தோம். அன்றைய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. 'உலகம்மாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். தேர்தலில் நின்றபோது அந்தக் கதையைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

தண்ணீர் வந்தது. எங்கள் தெரு வால்வு சரியாக மூடவில்லை போலிருக்கிறது. தண்ணீர் திறந்துவிடும் ஐயாக்குட்டியைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 15, சனி

தண்ணீர் வந்தது. கேட்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

பொன்செல்வி போன் செய்தாள். மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்து பதின்மூன்று நாள் ஆகிறதாம். மேடான இடம், அழுத்தம் குறைந்தால் ஏறாது என்று சொன்னேன். "மேடுங்கது எங்களுக்கும் தெரியும் தலைவரம்மா. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க" என்றாள்.

சாயங்காலம் போனேன். தெரு முழுக்கக் குடங்கள். அந்தக் காலத்தில் பித்தளையும் எவர்சில்வரும் கலந்து கிடக்கும், இப்போது எல்லாம் பிளாஸ்டிக். பெண்கள் பக்கத்துத் தோட்டங்களின் மோட்டார் கொட்டகைக்குப் போய், மொபெட்டில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக் கொண்டுவருகிறார்கள். இரண்டு நாளில் ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன்.

ஞானப்பூ தன் வீட்டு வாசலில் நின்றாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. "வா உலகு" என்றாள். உள்ளே போனதும் காப்பி போட எழுந்தாள். வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. என் சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா வெளுத்திருக்கே. கஞ்சிகூடப் போட்டிருக்க."

பழைய சேலைதான் என்று சொன்னேன். அவள் எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. அவளுக்கு எப்போதும் என் சேலைகள் பிடிக்கும்.

ஏப்ரல் 19, புதன்

தண்ணீர் வந்தது.

ஏப்ரல் 23, ஞாயிறு

தண்ணீர். மேட்டுத் தெருவுக்கும் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் விட்டதாக ஐயாக்குட்டி சொன்னான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, புதன்

ஞானப்பூ விழுந்துவிட்டாள். மருமகளோடு மொபெட்டில் குடம் கட்டி வரும்போது, வாய்க்கால் பாலத்துப் பக்கம் வண்டி சறுக்கிவிட்டது. மருமகளுக்குச் சிராய்ப்பு. இவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டுக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நான் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "எனக்கென்னட்டி, மெட்ராஸ்லேருந்து மகன் வாரான். ரெண்டு மாசம் உக்காந்து தின்னுட்டுப் போறேன்" என்றாள். குடத்தைப் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினதை ஞாபகப்படுத்தினேன். "அந்தக் குடம் திரும்பக் கெடைக்கவே இல்லட்டி. நல்ல பித்தளைக் குடம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பழையபடி இருந்தது.

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க தெருவுல எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?"

"எல்லாருக்கும் போலத்தான். பத்து நாளைக்கு ஒருக்கா."

"ம்" என்றாள்.

ஏப்ரல் 27, வியாழன்

பத்து நாள் என்பதுதான் தீர்மானம். அதைத்தான் சொன்னேன்.

தண்ணீர் வந்தது. பிடிக்கக் கூடாது என்று குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பிடித்தேன்.

மே 3, புதன்

செயல் அலுவலர் தயாபரன் வீட்டுக்கே வந்தார். அலுவலகத்தில் பேச முடியாத விஷயம் என்றார். பொன்செல்வி கலெக்டருக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். தலைவர் தெருவுக்கு மட்டும் முறை மீறித் தண்ணீர் போகிறது, விசாரிக்க வேண்டும் என்று. பத்தாம் தேதி மன்றக் கூட்டத்திலும் இந்தப் பொருளை வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார். "ஐயாக்குட்டி தன்னிச்சையா செஞ்சதா எழுதி வாங்கிருவோம். ஒப்பந்தப் பணியாளர்தான், நீக்கிட்டா விஷயம் முடிஞ்சிரும். உங்க பேர் எங்கயும் வராது."

"எனக்குத் தெரிஞ்சுதான் நடந்ததுன்னா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பதவிய சொந்த நலனுக்குப் பயன்படுத்துனதா ஆகும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். பதவியும் போகலாம். அதனாலதான் சொல்லுதேன், உங்களுக்குத் தெரியாது."

ஐயாக்குட்டியை நீக்கும் உத்தரவைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். என் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

மே 4, வியாழன்

ஐயாக்குட்டி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே இவரிடம் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். பதினான்கு வருடமாக இந்த ஊரின் எல்லா வால்வுகளையும் தெரிந்தவன். இவர் கண்டக்டராக இருந்தபோது, கடைசிப் பஸ்ஸை இவனுக்காக இரண்டு நிமிடம் நிறுத்தி வைப்பாராம். அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

போகும்போது என்னிடம், "நான் எழுதிக் குடுத்துருதேன் தலைவரம்மா. அண்ணாச்சி கெடக்க கெடைக்குத் தண்ணி இல்லாம என்ன செய்வீய? எனக்கு வேற எங்கயாவது மோட்டார் போடுத வேலை கெடைக்கும்" என்றான்.

அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு.

மே 5, வெள்ளி

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் 3, 7, 11, 15, 19, 23, 27. மே 1 அன்றும் வந்தது, எழுதவில்லை. இருபத்தொன்பது நாளில் எட்டுமுறை. அதே நாட்களில் மேட்டுத் தெருவுக்கு இரண்டுமுறை.

வால்வு சரியாக மூடவில்லை என்று எழுதியிருக்கிறேன். கேட்க மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். வேறு யாரும் படிக்காத நோட்டில் யாருக்காக அப்படி எழுதினேன்?

மார்ச் கடைசியில் ஒரு நாள் ஐயாக்குட்டி கொடியில் காய்ந்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு, "தண்ணி போதுமா தலைவரம்மா?" என்று கேட்டான். "எங்க போதுது? நீதான் பாத்துச் செய்யணும்" என்றேன். செய்தான். நான் அன்று அதை இந்த நோட்டில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

துவைக்க நிறைய இருந்தது உண்மை. ஆனால் மேட்டுத் தெருவிலும் படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது வீட்டில் ஒருவர் இரண்டு வருடமாகக் கிடக்கிறார். அன்று போனபோது அவர் வீட்டைக் கடந்துதான் போனேன்.

உத்தரவைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மே 10, புதன்

கூட்டம் பதினோரு மணிக்கு. முதல் பொருள் வாசிக்கப்பட்டதும் எழுந்தேன். இது என்னைப் பற்றிய பொருள், இதற்கு நான் தலைமை வகிக்கக் கூடாது என்று சொல்லி, துணைத்தலைவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கீழே வந்து நின்றேன்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த தேதிகளை வாசித்தேன். நான்தான் ஐயாக்குட்டியிடம் சொன்னேன் என்றேன். அவன் என் பேச்சைத் தட்ட முடியாத இடத்தில் இருப்பவன், நடவடிக்கை அவன்மேல் கூடாது என்றேன். என்ன சொன்னேனோ அதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

செயல் அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் பின்னாலிருந்து, "காலிக்குடத்தைக் காட்டி ஓட்டு வாங்குனவங்கல்லா!" என்றார்.

பொன்செல்விதான் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தெருமுக்கிலும் தண்ணீர் விடும் தேதியை எழுதிப் போடுவது, விட்ட பிறகு அந்தத் தெருக்காரர்கள் இருவர் கையெழுத்துப் போடுவது என்பது முதலாவது. ஐயாக்குட்டிக்கு எச்சரிக்கை மட்டும் என்பது இரண்டாவது. இரண்டும் நிறைவேறின.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "மறு...படியும் பஸ்ஸ... நிறுத்திட்ட."

மே 14, ஞாயிறு

தண்ணீர் இல்லை. இவருடைய பழைய வேட்டிகளை நாலாகக் கிழித்து விரிப்பாகப் போடுகிறேன். சின்னத் துண்டாக இருந்தால் அரை வாளியில் அலசிவிடலாம். எதிர்வீட்டு மதினி இரண்டு நாளாகப் பேசுவதில்லை. இன்று கேட்டேவிட்டாள். "நீங்க நல்லவங்கன்னு பேர் வாங்க எங்க தண்ணியும் போணுமா?" அது எங்கள் தண்ணீர் இல்லை மதினி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 24, புதன்

நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தயாபரன் ஒரு மாதிரிப் பதில் எழுதி அனுப்பியிருந்தார். கெட்ட மனிதரில்லை, என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். 'எனது கவனத்திற்கு வராமல் நடந்த தவறு' என்று அதில் ஒரு வரி. அதை அடித்துவிட்டு, 'நான் அறிந்தே நடந்தது' என்று எழுதி அனுப்பினேன்.

ஜூன் 8, வியாழன்

விசாரணை முடியும்வரை மன்றம் காத்திருக்கவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம். பதினைந்தில் பதின்மூன்று பேர் எனக்கு எதிராகக் கை தூக்கினார்கள். பொன்செல்வியும் தூக்கினாள்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள். "தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. நீங்க உண்மைய சொன்னது பெரிய விஷயம். அதுக்காக, நீங்க செஞ்சது இல்லேன்னு ஆயிராதுல்லா?"

"ஆகாதும்மா" என்றேன்.

ஒன்பதாவது வார்டு உறுப்பினர் பதவி இப்போதைக்கு மிச்சம் இருக்கிறது. அலுவலக வண்டியைக் கொடுத்துவிட்டு நடந்து வந்தேன். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது, இவர் டிக்கெட் பையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பது நினைவுக்கு வந்தது. நான் மேட்டுத் தெருவிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவேன். தூரத்தில் கண்டதுமே பையை ஆட்டுவார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூன் 17, சனி

மதியம் மூன்று மணிக்கு ஞானப்பூ வந்தாள். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கட்டு கொஞ்சம் கோணியிருக்கிறது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, ஒரு மேட்டுத் தெரு குடுங்க" என்று பஸ்ஸில் கேட்பதுபோல் கேட்டாள். இவர் சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று!

அடுக்களைக்கு வந்து என்னெதிரே உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட எதுக்குட்டி பொய் சொன்ன?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பயந்துட்டேன்."

"யாருக்கு? கலெக்டருக்கா?"

"ஒனக்கு."

பால் பொங்கி வந்தது, நான் இறக்கினேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "சேலையப் பாத்ததுமே உறுதியாயிட்டு. ஈஸ்டர் பலகாரமும் ஒனக்குன்னு எடுத்து வச்சு, அனுப்பாமத்தான் இருந்தேன். ஐயாக்குட்டி பொண்டாட்டி அப்பமே சொல்லியிருந்தா. நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன். கூட்டத்துல போயி ஊருக்கெல்லாம் சொன்ன. எங்கிட்ட வந்து சொல்லலியே."

மன்னிப்புக் கேட்டேன். காப்பியை இடது கையால் வாங்கிக் குடித்தாள். இனிப்புக் குறைவு என்றாள். சீனி போட்டுக் கொடுத்தேன்.

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எங்க தெரு அங்கன்வாடிக் கூரை ஒழுகுது. மழைக்கு முன்ன பாக்கணும். ஒரு மனு எழுதணும், திங்கக்கெழமை வா."

"நான் இப்பம் தலைவரில்லையே, பூ."

"அது தெரியும்" என்றாள் ஞானப்பூ. "எழுதத் தெரியும்லா?"

தெரியும் என்றேன்.